தன்மதிப்பு வளர்க்கும் பைபிள் தியான ஆப்: பாதி வசனம், பாதி முகஸ்துதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. இரண்டோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் எலியா தீர்க்கதரிசியைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது, அதற்காக ஒன்று கூட்டினேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை. ‘கிறிஸ்துவுக்குள் நான் யார்’ என்கிற தலைப்பில் இதே அச்சில் வார்த்தவை ஏகப்பட்டது இருக்கின்றன, நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் பிடித்து இழுப்பது நியாயமாகப் படவில்லை. நீங்கள் போனில் வைத்திருப்பது வேறொன்றாக இருந்தாலும் படித்துப் பாருங்கள்.

அமைப்பு இதுதான்: 40 நாள் திட்டம். தினமும் ஒரு வசனம், பத்து நிமிடத்துக்குள் முடிகிற ஓர் ஆடியோ, ‘நான்’ என்று தொடங்கும் ஓர் அறிக்கை (நான் விலையேறப்பெற்றவள், நான் தெரிந்துகொள்ளப்பட்டவன், இந்த மாதிரி), எழுதுவதற்கு ஒரு கேள்வி, கடைசியில் மற்றவர்களுக்கு அனுப்ப வசனம் போட்ட ஒரு படம். பேசுகிற பெண்ணின் குரல் நன்றாக இருக்கிறது, அவசரமில்லாமல், பிரசங்க மேடைத் தொனி இல்லாமல் பேசுகிறார். பின்னணி இசையை நிறுத்த முடியாது, குறைக்கத்தான் முடியும். எழுத்து அளவைப் பெரிதாக்கலாம். இணையம் இல்லாமலும் ஓடுகிறது. தொழில்நுட்பத்தைப் பற்றி இவ்வளவு போதும், எனக்குப் பேச வேண்டியது உள்ளடக்கத்தைப் பற்றி.

‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்போடு பல வருடம் ஓட்டியவர்கள்தான் இதைத் தேடி வருவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். அப்படி வருகிறவரிடம் இந்த ஆப் முதல் வாரம் முழுக்க வேதத்திலிருந்து பாராட்டுகளைப் பொறுக்கிக் கொடுக்கிறது. ஏசாயா 43:4, ‘நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்.’ சங்கீதம் 139:14, ‘நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்.’ எரேமியா 29:11, நம்மேல் அவர் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு. எல்லாம் அருமையான வசனங்கள்தான். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, மதியத்துக்குள் அந்தச் சிலிர்ப்பு போய்விடுகிறது. யாராவது ஒருவர் அலட்சியமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையில் கேட்டது எல்லாம் யாருக்கோ சொன்னது மாதிரி ஆகிவிடுகிறது.

இது ஏன் என்று யோசித்தால், ஆப் வசனத்தை எடுத்துக்கொண்டு அது நின்ற இடத்தை விட்டுவிட்டது. ஏசாயா 43ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் கர்த்தர் அதே இஸ்ரவேல் ஜனத்தைப் பார்த்துத்தான் ‘என் தாசனையல்லாமல் குருடன் யார்?’ என்று கேட்டிருக்கிறார், செவிடன் என்றும் சொல்லியிருக்கிறார், சொன்ன பேச்சைக் கேட்காததால் கொள்ளை போனவர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியல் முடிந்த கையோடு வருகிறது, ‘பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்’ என்பது. அதாவது அருமை என்று சொல்கிறவர் நம் குறையைப் பார்க்காமல் சொல்லவில்லை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்காட்டிவிட்டு அதற்கப்புறம் சொல்கிறார். தாழ்வு மனப்பான்மை உள்ளவருக்கு இதுதானே வேண்டும்? அவர் மனதில் எப்போதும் ஓடும் கேள்வி ‘என் உண்மையான நிலைமை தெரிந்தால் இப்படிச் சொல்வீர்களா’ என்பதுதான். 42ஆம் அதிகாரத்தை வெட்டிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

எரேமியா 29 இன்னும் மோசம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். 11ஆம் வசனத்துக்கு நேர் மேலே, 10ஆம் வசனத்தில், எழுபது வருஷம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப்போவதைப் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது கடிதம். ஆப்பில் இதற்குக் கீழே வரும் கேள்வி: ‘இந்த மாதத்தில் உங்களுக்காகக் கர்த்தர் திறக்கப்போகும் வாசல் எது?’ மாதமாம்.

வசன எண்களே பவுலுக்கும் ஏசாயாவுக்கும் தெரியாது. ரொபேர் எத்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது போட்ட எண்கள்தான் இன்று நாம் புதிய ஏற்பாட்டில் பார்ப்பவை. தேடுவதற்கு வசதியான ஏற்பாடு, மறுக்கவில்லை, ஆனால் அந்த எண் இருப்பதால்தான் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் கத்தரித்துப் படத்தில் ஒட்ட முடிகிறது. பிலிப்பியர் 4:13 இந்த ஆப்பில் இரண்டு முறை வருகிறது, ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’. 12ஆம் வசனம் ஒருமுறைகூட வரவில்லை. அதில் பவுல் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்வதில் பட்டினியாய் இருப்பதும் குறைவுபடுவதும் உண்டு.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில் அடைக்கலான் குருவிகளைப் பற்றி ஒரு நாள் வருகிறது, அங்கே எழுதியவருடைய கை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன், தரம் அப்படி. மத்தேயு 10:29இல் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12:6இல் இரண்டு காசுக்கு ஐந்து குருவி. கணக்குப்படி நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது, மொத்தமாக வாங்குகிறவருக்குக் கொசுறு. சந்தையில் அதற்கென்று விலையே கிடையாது, மற்ற நான்கை விற்பதற்காகச் சேர்த்துக் கட்டிவிட்டது. ‘அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை’ என்ற வரியை இங்கே நிறுத்தி, பேசுகிறவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாமல் இருக்கிறார். அப்புறம் கேள்வி: ‘எந்த இடத்தில் உங்களைக் கொசுறாகச் சேர்த்துக்கொண்டார்கள்?’ எனக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருந்தது. இந்தக் கேள்விக்காகவே ஆப்பை வைத்திருக்கலாம். குருவி அழகானது, குருவி திறமையானது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை, மறக்கப்படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறார். ஆப் அதை அப்படியே விட்டிருக்கிறது, மேலே சர்க்கரை தூவவில்லை.

அடுத்த நாளே வழக்கமான பாதைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கிதியோன். தூதன் அவனைப் ‘பராக்கிரமசாலியே’ என்று கூப்பிடுகிறான், உடனே அன்றைய அறிக்கை ‘நான் பராக்கிரமசாலி’. கிதியோன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்? இஸ்ரவேலை ஒடுக்கிய மீதியானியர் கண்ணில் படக்கூடாது என்று ஆலைக்குச் சமீபமாய் ஒளிந்து கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தான். இஸ்ரவேலை ரட்சிக்கப் போ என்றதும் அவன் சொன்னது: என் குடும்பம் மிகவும் எளியது, என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன். இதற்குக் கர்த்தர் ‘அப்படிச் சொல்லாதே, உன்னிடம் எவ்வளவு திறமை இருக்கிறது தெரியுமா’ என்று பதில் சொல்லவில்லை. ‘நான் உன்னோடே கூட இருப்பேன்’ என்கிறார். மோசேயும் முட்செடிக்கு முன்னால் இதையேதான் கேட்டான், பார்வோனிடத்துக்குப் போக நான் எம்மாத்திரம் என்று. பதில், ‘நான் உன்னோடே இருப்பேன்.’ எரேமியா தான் சிறுபிள்ளை, பேச அறியேன் என்றான். அவனுக்கும் ‘நான் உன்னுடனே இருக்கிறேன்’. மூன்று பேர் தங்களைப் பற்றித் தாழ்வாகப் பேசுகிறார்கள், மூன்று பேருக்கும் அவர்களைப் பற்றிய பாராட்டு வரவில்லை, கூட இருப்பவரைப் பற்றிய செய்தி வருகிறது. நாற்பது நாளில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் போட்டிருந்தால் முழு ஆப்பும் வேறு மாதிரி ஆகியிருக்கும். மோசே இதில் வரவே இல்லை, எரேமியாவுக்கு அந்த எழுபது வருஷம் இல்லாத 11ஆம் வசனம் மட்டும்.

இந்த ‘நான்’ அறிக்கைகளைப் பற்றிப் பொதுவாகவே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லச் சொல்கிறது ஆப். சிலருக்கு அது உதவுகிறது, சபையில் சாட்சி சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன், மறுக்கமாட்டேன். எனக்குச் சொல்லச் சொல்ல உள்ளே இன்னொரு குரல் ‘பொய்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 1563இல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடையின் முதல் கேள்வி, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் என்ன என்பது. பதில் ‘நான் எனக்குச் சொந்தமல்ல’ என்றுதான் ஆரம்பிக்கிறது. சரீரத்திலும் ஆத்துமாவிலும் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று போகிறது. ‘நான்’ என்றுதான் இதுவும் தொடங்குகிறது, ஆனால் இதை நிரூபிக்க நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மனநிலை சரியில்லாத நாளிலும் சொல்லலாம். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதுதான், நீங்கள் உங்களுடையவர்களல்ல, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள். அந்த வசனம் ஆப்பில் இருக்கிறது, ஆனால் உடல் ஆரோக்கியம் என்ற தலைப்பில், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் நாளில் இருக்கிறது!

அதே கொரிந்தியர் நிருபத்தில் பவுல் இன்னொன்றும் சொல்கிறார், நீங்கள் என்னைத் தீர்ப்பது எனக்கு அற்பகாரியம், ‘நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை’ என்று. இந்த ஆப்போ தொடங்கும்போதே உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்கிறது. வாராவாரம் கேட்கிறது. கோடு போட்டுக் காட்டுகிறது, ஏறியிருந்தால் பச்சை, இறங்கியிருந்தால் சிவப்பு. தன்னையே எடைபோட்டுப் போட்டு அலுத்துப்போய் வந்தவன் கையில் இன்னொரு தராசைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இதை அணைக்க வழி இருக்கிறது, அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், முதல் நாளே அணைத்துவிடுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் திறந்தீர்கள் என்று எண்ணும் தீச்சுடர்ப் படத்தை மட்டும் அணைக்க முடியவில்லை. ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது, கூடவே ‘உங்களைக் காணோமே’ என்று ஒரு செய்தி. கிருபையைப் பற்றிக் கேட்ட மறுநாள் இந்தச் செய்தி வந்தால் சிரிப்பதா அழுவதா?

இப்போது எலியா. மூன்றாம் வாரக் கடைசியில் வருகிறது, 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிராகத் தனியாக நின்று ஜெயித்தவன், அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாகவேண்டும் என்கிறான். ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல.’ தன்மதிப்பு அடியோடு போனவனின் வாக்கியம் இதைவிடத் தெளிவாக வேதத்தில் வேறு எங்கும் இருக்கிறதா தெரியவில்லை. ஆடியோவில் பேசுகிறவர் இங்கே கேட்கிறார், தேவதூதன் என்ன வசனம் சொன்னான்? எதுவும் சொல்லவில்லை. தூங்கினவனைத் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டான், மறுபடி படுத்துக்கொண்டான். இரண்டாம் தரமும் வந்து தட்டினான், சாப்பிடு, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம். திட்டவில்லை, உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை, நீ விசேஷமானவன் என்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்டது கூட அவன் தூங்கி, சாப்பிட்டு, ஓரேப் மலை வரை நடந்து போன பிறகுதான். அன்றைக்கு அறிக்கை வாக்கியம் கிடையாது. எழுதும் கேள்விக்குப் பதிலாக, ‘இன்றைக்குச் சரியாகச் சாப்பிட்டீர்களா, எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்’ என்று மட்டும். மன அழுத்தம் நீடித்தால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், ஜெபத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் தாக்குப்பிடித்தவர்தான் இதைக் கேட்பார், இது தேவைப்படுகிறவர் அதற்குமுன்பே ஆப்பை அழித்திருக்கலாம்.

இல்லாதவற்றைப் பற்றிக் கொஞ்சம். புலம்பல் சங்கீதங்கள் அறவே இல்லை. 88ஆம் சங்கீதம், கடைசி வரியிலும் வெளிச்சம் வராமல் முடிகிற ஜெபம், அது வேதத்தில் இருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ‘நானோ ஒரு புழு, மனுஷனல்ல’ என்று சொல்லும் 22ஆம் சங்கீதம் இல்லை. அந்தச் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் இயேசு சிலுவையில் சொன்னார் என்பதை நினைத்தால், புழு என்று தன்னை நினைப்பவர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்று ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்கலாம்.

எஜமானியிடமிருந்து வனாந்தரத்துக்கு ஓடிப்போன அடிமைப்பெண் ஆகாரைப் பற்றிய நாள் பாதிதான் சரி. ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’ என்று அவள் சொன்ன 13ஆம் வசனத்தை உருக்கமாகச் சொல்கிறார்கள். அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில் தூதன் அவளை அடித்து விரட்டாத குறையாக நடத்திய எஜமானியிடமே திரும்பிப்போகச் சொல்கிறான், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்கும் ஒருத்தி இந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு ஆர்வத்தோடு ஆதியாகமம் 16ஐத் திறந்தால் அந்த வரி முன்னால் வந்து நிற்கும், விளக்கிச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள், நானும் அப்படித்தான் அடங்கிப்போக வேண்டும் போல என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அது அவளுக்கு அன்று சொன்னது, வனாந்தரத்தில் கர்ப்பிணியாய்த் தனியே நின்றவளுக்கு ஒரு வாக்குத்தத்தத்தோடு சொன்னது, அடிக்கும் வீட்டில் எல்லாரும் கிடக்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் என்ன? கடினமான வசனத்தைத் தாண்டிப் போவதால் அது காணாமல் போய்விடாது.

பாவம் என்கிற சொல்லும் அநேகமாக இல்லை. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களிடம் பாவத்தைப் பற்றிப் பேசினால் இன்னும் நொறுங்கிப்போவார்கள் என்ற பயம் போல. புரிகிறது, மேடையில் அதையே வைத்து அடித்து நொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் சிலருடைய தாழ்வு மனப்பான்மைக்குப் பின்னால் உண்மையாகவே செய்த ஒன்று இருக்கிறது, அவரிடம் போய் நீ அருமையானவன் என்று சொன்னால் ஒட்டாது. பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மூன்று தரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு அவனுக்குச் சாப்பாடு செய்து வைத்த இடத்திலும் கரிநெருப்பு என்றே யோவான் எழுதுகிறார். அங்கே மூன்று தரம், ‘என்னை நேசிக்கிறாயா?’ மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டான். வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது, என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக, என் ஆடுகளை மேய்ப்பாயாக. நம்பிப் பொறுப்பைக் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை ஒரு மனிதனுக்கு என்ன இருக்கிறது? இந்த ஆப்பில் பேதுரு தண்ணீர்மேல் நடந்ததோடு சரி.

வாங்கலாமா என்று கேட்டால்: இலவசமாகக் கிடைக்கும் முதல் வாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே பலவீனமான வாரம். விருந்தினர் இணைப்பு மூலம் ஏதாவது ஒரு நாளைத் திறந்து கேட்க விடுகிறார்கள், குருவி நாளையோ எலியா நாளையோ கேளுங்கள், பிடித்தால் சந்தா கட்டுங்கள். ஆடியோவுக்கு முன்னால் அன்றைய வசனம் இருக்கும் அதிகாரத்தை உங்கள் சொந்த பைபிளில் முழுதாக ஒரு தரம் படித்துவிடுங்கள், ஆப்பிலேயே அதிகாரத்தைத் திறக்கும் பொத்தான் இல்லை, அடுத்த பதிப்பில் வரும் என்று உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வந்தால் இந்த மதிப்பீட்டைத் திருத்தி இன்னொரு நட்சத்திரம் சேர்க்கிறேன். தீச்சுடர்ப் படத்தையும் எடுத்துவிட்டால் ஐந்தே கொடுக்கலாம்.